சட்டிக்குள் போகும் குளிசை

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம். உவர்மலைப் பக்கத்து அக்கா ஒருவர் எங்கள் மருந்துக்கடைக்கு வந்து, "தம்பி, ரெண்டு கார்ட் பனடோல் தாங்கோ" என்றார். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டேன்.

"ஒருத்தருக்கும் இல்லை. நாளைக்கு மருமகன் வீட்டுக்காரர் வருகினம். ஆடு கொஞ்சம் முத்தல். பத்துக் குளிசை போட்டால் பஞ்சு மாதிரி அவியுமாம்."

எனக்கு இது புதுக்கதை இல்லை. கலியாண மண்டபச் சமையல்காரர் சொன்னார், பக்கத்து வீட்டு மாமி சொன்னார் என்று யாராவது கேட்டு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அடுப்புச் சூட்டில் குளிசையின் வீரியம் போய்விடும் என்பதுதான் பலருடைய நினைப்பு. போகாது. பனடோலில் இருக்கும் மருந்து பரசிற்றமோல். அது உருகுவதற்கே ஏறத்தாழ 169 பாகை செல்சியஸ் வேண்டும். பிரஷர் குக்கருக்குள்ளேயே சூடு 120 பாகை அளவில்தான். அது கொதிநீரில் கரைந்து குழம்போடு குழம்பாக நிற்கும். ஒரு குளிசை 500 மில்லிகிராம். வளர்ந்தவருக்கு 24 மணி நேரத்தில் உச்ச அளவு 4 கிராம், அதாவது எட்டுக் குளிசை. "பத்துப் பேர் சாப்பிட்டால் ஆளுக்கு ஒன்றுதானே?" என்றார் அக்கா. கணக்குச் சரிதான். ஆனால் குழம்பை யார் அளந்து ஊற்றுகிறார்கள்? காய்ச்சலுக்கு ஆறு மணிக்கொரு தடவை இரண்டிரண்டாகப் போட்டு, ஏற்கெனவே எட்டைத் தொட்டுவிட்ட ஒருவர் அந்தப் பந்தியில் இருப்பார். நாள் தவறாமல் சாராயம் எடுக்கிற சித்தப்பா இருப்பார். எடை பார்த்து மருந்து கொடுக்க வேண்டிய பிள்ளையும் இருக்கும். தாங்கள் மருந்து சாப்பிடுகிறோம் என்பது இவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குப் பயம் அதுதான்.

சரி, முத்தல் ஆட்டை என்ன செய்வது? அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துப்போகும். காலையில் வாங்கி மத்தியானத்துக்குள் சமைத்தால் இளம் ஆடும் ரப்பர்தான். ஒரு நாள் பிரிட்ஜில் வையுங்கள், ஃபிரீசரில் அல்ல. வெட்டும்போது நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டுங்கள். சவ்வு கரைய நேரம் வேண்டும்: மூடிய சட்டியில் சிறு நெருப்பில் இரண்டு மணி நேரம், குக்கரில் முக்கால் மணி நேரம்.

அவசரம் என்றால் பப்பாசிக்காய் இருக்கிறது. ஒரு கிலோவுக்குத் துருவியது இரண்டு தேக்கரண்டி, அரை மணி நேரம் பிரட்டி வைத்தால் போதும். கூடினால் இறைச்சி களியாகிவிடும்; நான் ஒருமுறை அப்படிக் கெடுத்து, வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டியிருக்கிறேன். பப்பாசிப் பால் நன்றாக வேலை செய்வது திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணற்றுச் சூட்டைவிடக் கூடிய, கொதிநிலைக்குக் குறைந்த சூட்டில். கொதி வந்தால் அடங்கிவிடும். அதனால் எடுத்த எடுப்பிலேயே நெருப்பைக் கூட்டாதீர்கள். ரப்பர்ப் பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பப்பாசியும் ஒத்துவராமல் போகலாம், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே குளிசை போட்டுச் சமைத்தாயிற்றா? கறியைக் கொட்டிவிடுங்கள். சாப்பிட்டும் ஆயிற்று, அளவு கூடியிருக்கலாம் என்றால் வாந்தி வரட்டும் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். அளவு கூடினால் பழுதாவது ஈரல்; அது பழுதாகும்போதும் முதல் நாள் ஆள் சும்மா நன்றாகத்தான் இருப்பார். அந்த நஞ்சை முறிக்கும் மருந்தை எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாகப் பிடிக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், சட்டிக்குள் எத்தனை குளிசை போனது என்பதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.