‘சர்விகல் ரிப்’: கழுத்தில் ஒரு விலா

ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கப் போகும் எங்கள் மாமிக்கு இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் அடிக்கடி மரத்துப்போகும். “கை தரிக்குது மக்களே” என்பார். மார்த்தாண்டம் பக்கம் ‘தரிப்பு’ என்றால் எல்லோருக்கும் புரியும். மலையாளத்திலும் அதே சொல்தான். திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, சீட்டில் ‘சர்விகல் ரிப், இடது’ என்று எழுதிக் கொடுத்தார்கள். வேறு விளக்கம் இல்லை. வீட்டில் மருமகள் முதல் சொல்லை மட்டும் பார்த்தாள். புற்றுநோய்த் தடுப்பூசி விளம்பரத்தில் வரும் அதே ‘சர்விகல்’. அன்றைக்கு ராத்திரி அடுப்பில் இருந்த சோற்றை யாரும் இறக்கவில்லை.

மருமகள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். லத்தீனில் ‘செர்விக்ஸ்’ என்றால் கழுத்து, அவ்வளவுதான். உடலின் கழுத்துக்கும் கருப்பையின் கழுத்துக்கும் அந்த ஒரே பெயரை வைத்துவிட்டார்கள். தமிழில் நாம் ‘கருப்பை வாய்’ என்கிறோம். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் ‘கர்ப்பாசயகளம்’. களம் என்றால் அங்கே கழுத்து. ஒரே உறுப்பை இந்தப் பக்கம் வாயாகவும் அந்தப் பக்கம் கழுத்தாகவும் பார்த்திருக்கிறார்கள். நம் சொல்லில் குழப்பத்துக்கு இடமே இல்லை. சீட்டில் தமிழ் இருந்திருந்தால் சோறு குழைந்திருக்காது.

‘ரிப்’ என்பது விலா எலும்பு. மலையாளத்தில் வாரியெல்லு. தமிழில் ‘பழு’ என்ற பழைய சொல்லும் உண்டு. ஏணியின் குறுக்குக் கட்டைக்கும் அதே பெயர், ஏணிப்பழு. மார்புக்கூட்டின் எக்ஸ்ரேயைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. 12 ஜோடிப் பழு. சிலருக்கு மட்டும் மேலே இன்னொரு பழு, கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பிலிருந்து கிளைக்கிறது. கருவில் எல்லோருக்கும் அங்கே விலாவுக்கான ஒரு துணுக்கு உண்டு. பொதுவாக அது முள்ளெலும்போடு கலந்துவிடும். கலக்காமல் வளர்ந்தால் கழுத்து விலா. 100 பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும், பெண்களுக்குச் சற்று அதிகம். பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிப்பார்கள்.

தொந்தரவு எங்கே வருகிறது என்றால், காறை எலும்புக்குப் பின்னால். (காறை என்பது கழுத்தை ஒட்டி அணியும் நகை, எலும்புக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.) அங்கே முதல் விலாவுக்கு மேலே கழுத்தின் பக்கவாட்டில் இறங்கும் இரண்டு ‘ஸ்கேலீன்’ தசைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு. கைக்குப் போகும் நரம்புக் கற்றையும் பெரிய தமனியும் அதன் வழியேதான் இறங்குகின்றன. அந்த இடுக்கில் கூடுதலாக ஓர் எலும்போ, அதன் நுனியிலிருந்து இறங்கும் நார்ப்பட்டையோ நின்றால், கற்றையின் அடி நரம்புகள் அதன் மேல் வளைந்து போக வேண்டியிருக்கும். சுண்டுவிரல் பக்கம் தரிப்பு வருவது அதனால்தான். இரண்டு கையிலும் பால் வாளி தூக்கினால் தோள் கீழே இழுபட்டு இடுக்கு இன்னும் சுருங்கும். மாமிக்கு வேலை முடிந்து வரும்போது தரிப்பு கூடியதற்கும் அதுதான் காரணம். தமனி நசுங்குவது அரிது. ஆனால் விரல் வெளுத்துச் சில்லிட்டால் தாமதிக்கக் கூடாது. நசுங்கிய இடத்தைத் தாண்டித் தமனி வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்து, துணுக்குகள் விரல் நுனிவரை போய் அடைக்கலாம்.

இந்த நெரிசலுக்கு ‘தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்’ என்ற பெயர் 1956-இல் வந்தது. 1861-லேயே லண்டனில் கூட் என்ற அறுவை மருத்துவர் இப்படி ஓர் எலும்பை எடுத்திருக்கிறார். பெயர்தான் பின்னால் வந்தது. என் கண்ணுக்கு அதுவும் கோணல் பெயர். உடற்கூற்றியலார் மார்புக்கூட்டின் மேல் திறப்பை ‘இன்லெட்’ என்றும், உதரவிதானம் மூடியிருக்கும் கீழ்த் திறப்பை ‘அவுட்லெட்’ என்றும் சொல்வார்கள். நோய்க்குப் பெயர் வைத்தவர்களோ மேலே இருப்பதையே அவுட்லெட் ஆக்கிவிட்டார்கள். ‘மார்பு வெளியேற்ற நோய்க்குறி’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் சளி வெளியேறுவதுபோல் இருக்கிறது. சொல்லை விட்டு இடத்தைப் பார்த்துப் பெயர் வைக்கலாம்: ‘மார்புக்கூட்டு மேல்வாய் நெரிவு’. ‘சிண்ட்ரோம்’ என்பதற்குக் கிரேக்கத்தில் சேர்ந்து ஓடிவருவது என்று பொருள். பின்னால் ‘நோய்த்தொகை’ என்று சேர்த்தால் அதுவும் அடங்கிவிடும்.

மறுநாள் சீட்டின் பின்பக்கம் ‘கழுத்து விலா, இடப்பக்கம்’ என்று எழுதிய கையோடு மாமியிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். “அப்போ எனக்கு மட்டும் ஒரு எல்லு கூடுதலா?” என்றார். ஆமாம் என்றேன். ஆபரேஷன் இப்போது வேண்டாம், தோளுக்குப் பயிற்சி செய்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாளியை இப்போது மருமகள் தூக்குகிறாள்.