‘ஃபார்வர்ட் மட்டும்தான் செய்தேன், வக்கீல் சார்’

இந்த வாக்கியத்தை இந்த மாதத்தில் மட்டும் மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டேன். சென்ற செவ்வாய்க்கிழமை மாலை அதைச் சொன்னவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு இலக்கணம் கற்பித்தவர். அவர் ஊரிலுள்ள ஓர் அசைவ உணவகத்தில் கெட்டுப்போன இறைச்சியைச் சமைப்பதாக யாரோ பேசிய ஒலிப்பதிவு ஒன்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. அதை அவர் உறவினர் குழு, நடைப்பயிற்சிக் குழு, தெருக் குழு என மூன்று குழுக்களுக்கு அனுப்பியிருக்கிறார். பத்து நாட்களில் அந்த உணவகத்தின் மதியச் சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது என்கிறார் அதன் உரிமையாளர். அவர் கொடுத்த புகாரில் தலைமையாசிரியரின் பெயர்தான் முதலில் இருக்கிறது, ஏனென்றால் பேசியவர் யாரென்று தெரியவில்லை, அனுப்பியவர் யாரென்று திரையிலேயே தெரிகிறது.

“கீழே ‘வந்ததை அப்படியே பகிர்கிறேன்’ என்று போட்டிருக்கிறேனே, சார்” என்று அவர் கைப்பேசியை நீட்டியபோது, அவர் முகத்தில் ஜாமீன் உத்தரவையே கையில் வைத்திருப்பவரின் நிம்மதி தெரிந்தது.

அந்த வரியைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டியிருக்கிறது. ‘வந்ததை அப்படியே பகிர்கிறேன்’ என்பதற்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறு குறித்துப் பேசும் பிரிவு 356, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 499-ஐப் போலவே, அவதூறை உருவாக்கியவரை மட்டும் பேசுவதில்லை, வெளியிட்டவரையும் சேர்த்தே பேசுகிறது. யாரோ அச்சடித்த துண்டறிக்கையை நீங்கள் பசை தடவிப் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டினால், ‘அச்சடித்தது நான் அல்ல’ என்று சொல்லித் தப்ப முடியுமா? இருநூறு பேர் இருக்கும் குழுவுக்குள் ஒரு செய்தியைத் தட்டிவிடுவதும் அதே ஒட்டும் வேலைதான். சுவரும் பசையும் கண்ணுக்குத் தெரியாததால் குற்றமும் தெரியாமல் போய்விடுகிறது, அவ்வளவே.

இது என் சொந்த வியாக்கியானம் அல்ல. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை முகநூலில் பகிர்ந்த வழக்கில் நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி.சேகர் 2018-இல் முன்ஜாமீன் கேட்டபோது, ஒரு செய்தியை ஃபார்வர்ட் செய்வது அதை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறி மனுவைத் தள்ளுபடி செய்தது. கண்ணில் மருந்து விட்டிருந்ததால் படிக்காமலே பகிர்ந்துவிட்டார் என்ற வாதம் 2023-இல் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. வழக்கை ரத்து செய்ய அந்த நீதிமன்றமும் மறுத்துவிட்டது. சட்டமன்ற உறுப்பினராக இருந்தவருக்கே கைகொடுக்காத வாதம் நமக்கு மட்டும் கைகொடுக்கும் என்று நம்புவது பேராசை.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: அந்த வரி உங்களைக் காப்பாற்றாதது மட்டுமல்ல, உங்களுக்கு எதிராகவே நிற்கக்கூடும். நீங்கள் சரிபார்க்கவில்லை என்பதை உங்கள் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதைவிட என்ன வேண்டும்? பொதுமக்களிடையே பீதியைக் கிளப்பும் பொய்த் தகவலைப் பரப்புவதற்கு மூன்றாண்டுவரை சிறை விதிக்கும் அதே சன்ஹிதாவின் பிரிவு 353-இல் ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனால் அது, தகவல் உண்மை என்று நம்புவதற்கு நியாயமான காரணம் வைத்திருந்து, நல்லெண்ணத்தோடு பகிர்ந்தவருக்கானது. மைத்துனர் அனுப்பினார் என்பது நியாயமான காரணம் ஆகாது.

ஃபார்வர்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 2018 மே மாதத்தை நினைவூட்டுகிறேன். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை நம்பிய கூட்டம், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்திருந்த சென்னைக் குடும்பத்தை அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்தார். அந்தக் குடும்பம் செய்த குற்றம், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. அதே ஆண்டு ஜூலையில்தான், நாடெங்கும் இப்படிப்பட்ட சாவுகள் நடந்த பிறகு, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாக, தொடர்பே இல்லாத காணொளிகள் பரவின. திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் அஞ்சினார்கள், பலர் மூட்டை கட்டினார்கள், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு ஒன்றே நேரில் வந்து பார்க்க நேர்ந்தது. பின்னலாடை முதலாளிகளைக் கேட்டால் அந்த இரண்டு வாரங்களைப் பற்றிச் சொல்வார்கள்.

அடுத்து இரக்கத்தால் செய்யப்படும் ஃபார்வர்டுகள். இங்கே திட்டுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை, கெஞ்சிக் கேட்கவே தோன்றுகிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான சிறுமியின் படத்தை ‘நீதி கிடைக்கும்வரை பகிருங்கள்’ என்று அனுப்புகிறீர்கள். போக்சோ சட்டத்தின் பிரிவு 23-உம் இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74-உம் அந்தக் குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளி எதுவும் வெளியே வரக்கூடாது என்கின்றன. பாலியல் வன்புணர்வுக்கு ஆளான வயதுவந்த பெண்ணின் அடையாளத்தை வெளியிட்டாலும் நியாய சன்ஹிதாவின் பிரிவு 72-இன் கீழ் இரண்டாண்டுவரை சிறை உண்டு. சட்டத்தை விடுங்கள், அந்தப் பிள்ளை நாளை மறுபடி பள்ளிக்குப் போக வேண்டாமா? தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்ததும் முதல் வேலையாகக் கைப்பேசியை முழுவதுமாக அழித்து ரீசெட் செய்துவிட்டு என்னிடம் வருபவர்களிடம் பேசுவதற்குப் பொறுமை போதவில்லை. அந்தச் செய்தி உங்களுக்கு யாரிடமிருந்து, எந்த நேரத்தில் வந்தது என்பதற்கான ஒரே சான்று அதில்தான் இருந்தது. ‘எல்லோருக்கும் நீக்கு’ என்பதை அழுத்தினாலும் மற்றவர் எடுத்துவைத்த ஸ்கிரீன்ஷாட் அழியாது. மேலும், நீதிமன்றத்தில் காட்டப்படாமல் இருப்பதற்காக மின்னணுப் பதிவை அழிப்பது நியாய சன்ஹிதாவின் பிரிவு 241-இன்படி தனிக் குற்றம். இருந்த ஒரு வழக்கை இரண்டாக்கிக்கொள்ளாதீர்கள். மன்னிப்புக் காணொளி வெளியிடுவதையும் வழக்கறிஞரிடம் பேசிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

குழு அட்மின்கள் தேவையில்லாமல் நடுங்குகிறார்கள். உறுப்பினர் ஒருவர் போட்ட பதிவுக்காக, அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கில்லாதவர் மீது குற்றம் சாட்ட முடியாது என்பதே 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எடுத்த நிலைப்பாடு.

பாதிக்கப்பட்ட வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஜெராக்ஸ் கடையில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் அச்சுப்பிரதியை மட்டும் கட்டுக்கட்டாகக் கொண்டு வராதீர்கள். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 63-இன்படி மின்னணுப் பதிவின் நகலோடு சான்றிதழ் ஒன்றும் தாக்கல் செய்ய வேண்டும். அதில் நிபுணர் நிரப்ப வேண்டிய பகுதியும் உண்டு. ஆகவே மூலச் செய்தி இருக்கும் கைப்பேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம், குழுவிலிருந்து கோபத்தில் வெளியேறவும் வேண்டாம். அனுப்பியவரின் எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி பதிவு செய்துகொண்டு, அதன் பிறகு புகார் கொடுங்கள்.

தலைமையாசிரியரின் முன்ஜாமீன் மனு அடுத்த வாரம் விசாரணைக்கு வருகிறது. தனக்கு அந்த ஒலிப்பதிவை அனுப்பியவர் யாரென்று தேடச் சொன்னேன்; தன்னுடைய பழைய மாணவர் ஒருவர்தான் என்று கண்டுபிடித்துச் சொன்னார். அந்த மாணவரிடம் பேசினால், அவரும் அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்.

என்னைப் பார்க்க வருபவர்கள் கைப்பேசியை எதையும் அழிக்காமல் கொண்டு வாருங்கள். சார்ஜரும் இருக்கட்டும், பாதிப்பேர் நான்கு சதவீத பேட்டரியோடுதான் வருகிறீர்கள்.