எல் காத்தோவுக்குப் பசிக்கிறது

கரும்பலகையில் ஒரு பூனையை வரைந்துவிட்டு, "ஆய் உன் காத்தோ" என்கிறார் ஸ்பானிஷ் ஆசிரியர். பக்கத்தில் ஒரு கிண்ணம் பால் வரைகிறார். பூனையின் கண் அதன் மேலேயே இருக்கிறது. "எல் காத்தோ கியேரே லேச்சே." அப்புறம் விடாமல் கேள்விகள். எல் காத்தோ கியேரே லேச்சே? சீ. எல் காத்தோ கியேரே காஃபே? நோ! கியேன் கியேரே லேச்சே? எல் காத்தோ!

ஸ்பானிஷ் தெரியாத உங்களுக்கும் 'கியேரே' என்றால் ஆசைப்படுகிறது, வேண்டும் என்கிறது என்று இந்நேரம் பிடிபட்டிருக்கும். நான் அர்த்தம் சொல்லவே இல்லை.

கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் ஸ்பானிஷ் வாத்தியாராக இருந்த பிளேன் ரே உருவாக்கிய முறை இது. முதலில் அவர் உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷரின் வழியில் 'எழுந்திரு, கதவைத் தொடு' என்று கட்டளையிட்டு, பிள்ளைகளைச் செய்யவைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். நன்றாகத்தான் போனது, ஆனால் கட்டளையை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? கதைக்கு வந்தார்.

இதன் அடியில் இருப்பது மொழியியலாளர் ஸ்டீவன் கிராஷன் 1980களில் முன்வைத்த கருத்து: நமக்குப் புரிகிற, ஆனால் நம் நிலைக்கு ஒரு படி மட்டும் மேலே இருக்கிற பேச்சும் எழுத்தும் ஏராளமாக வந்துகொண்டே இருந்தால் மொழி தானாகப் படியும். யோசித்துப் பாருங்கள், 'நான் பசிக்கிறேன்' என்று சொல்லக்கூடாது, 'எனக்குப் பசிக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு யார் விதி சொல்லிக்கொடுத்தார்கள்? ஸ்பானிஷ்காரரின் பூனையோ பசியை 'வைத்திருக்கும்': தியேனே ஆம்ப்ரே. விதியாகப் படித்தால் பேசும்போது ஒவ்வொரு தடவையும் அதைத் தேடி எடுக்க வேண்டும், அதற்குள் எதிராளி பஸ் ஏறிப் போய்விடுவார். கதையில் நம் கவனம் பூனைக்குப் பால் கிடைக்குமா என்பதில் இருக்கிறது, அதே சொல் இருபது தடவை வந்தாலும் சலிப்பதில்லை, மனம் பாட்டுக்கு வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இதற்கு எனக்குப் பிடித்த சான்று ஃபிஜி தீவுகளில் கிடைத்தது. 1980இல் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கே கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளுக்குப் போனார்கள். பிள்ளைகளுக்கு வீட்டில் ஃபிஜி மொழியோ இந்தியோதான், ஆங்கிலம் வகுப்பில் மட்டும், அதுவும் வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கிற பாடம். இவர்கள் நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் வகுப்புக்கு 250 படக்கதைப் புத்தகங்களை இறக்கினார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர் வாசித்துக்காட்டிப் பிள்ளைகளோடு பேசினார், சில வகுப்புகளில் பிள்ளைகள் தாங்களே சத்தமில்லாமல் படித்தார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், வாசிப்பிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் வழக்கமான வேகத்தைப் போல இரண்டு மடங்கு முன்னேற்றம். அடுத்த ஆண்டு அது எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் பரவியது. இலக்கணத்துக்கு!

சரி, அப்படியென்றால் அந்த மொழி சும்மா காதில் விழுந்தால் போதுமா? போதாது. பாட்ரிசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஒருவர் நேரில் உட்கார்ந்து சீன மொழியில் கதை வாசித்து விளையாடியபோது அந்த மொழியின் ஒலி வேறுபாடுகள் பிடிபட்டன, அதையே வீடியோவில் காட்டியபோது ஒன்றும் பிடிபடவில்லை. நான் பார்த்த கொரியத் தொடர்களுக்குக் கணக்கில்லை, கண் முழுக்கக் கீழே ஓடும் எழுத்தில் இருந்ததால் மிஞ்சியது 'அன்னியோங்'கும் 'ஓப்பா'வும்தான்.

கேட்பதோடு நிறுத்தினாலும் சிக்கல் உண்டு. கனடாவில் பள்ளிப் பாடங்களைப் பிரெஞ்சில் படித்த, வீட்டில் ஆங்கிலம் பேசும் குழந்தைகள், பல வருடம் கழித்து பிரெஞ்சை அருமையாகப் புரிந்துகொண்டார்கள், பேச வாய் திறந்தால் மட்டும் ஆண்பால் பெண்பால் தடுமாறியது. பேசவும் வைக்க வேண்டும் என்று 1985இல் மொழி ஆய்வாளர் மெரில் ஸ்வைன் வாதாடியது இதை வைத்துத்தான். கதை வகுப்பிலும் கடைசியில் பூனையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிடுவார்கள். ஒருவன் பால் வாங்கித் தருவான், இன்னொருத்தி காப்பியே குடிக்கவைப்பாள், நடுவில் 'கியேரே' கொஞ்சம் இடறும்.