சட்டை என்ன நிறம்?

பாளையங்கோட்டையில் 22 ஆண்டுகளாகக் குற்ற வழக்குகள் நடத்தி வருகிறேன். கூண்டில் ஏறிய எத்தனையோ சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் என் மனதை விட்டு அகலவே இல்லை. முக்கூடல் பக்கத்து ஊர் ஒன்றில் பீடி சுற்றிப் பிழைத்த அம்மா அவர். ஒரு நாள் மாலை, சுற்றிய பீடியைக் கடையில் ஒப்படைத்துவிட்டு, மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பஸ் நிறுத்தத்தில் ஓர் இளைஞனை ஒருவன் அரிவாளால் வெட்டியதைப் பார்த்துவிட்டார். நான் எதிரிக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனுக்காக ஆஜரானேன்.

வெட்டியவன் போட்டிருந்த சட்டை நீலம் என்று போலீசாரிடம் அவர் சொல்லியிருந்தார். டீக்கடைக்காரர் பச்சை என்றார். ஆட்டோ ஓட்டுநர் கறுப்பு என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. "சட்டை என்ன நிறம் அம்மா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்" என்று மூன்று முறை மாற்றி மாற்றிக் கேட்டேன். கையிலிருந்த மஞ்சள் பையின் காதைத் திருகிக்கொண்டே நின்றார். மூன்றாம் முறை, "ஐயா, நான் சட்டையைப் பார்க்கவில்லை. அரிவாளைத்தான் பார்த்தேன்" என்றார்.

எதிரி விடுதலையானான். நான் என் கடமையைத்தான் செய்தேன். ஆனாலும் அன்று அந்த நீதிமன்றத்தில் பேசப்பட்டவற்றுள் ஆக உண்மையான பேச்சு அந்த அம்மாவுடையது என்றே இன்றும் நினைக்கிறேன். உயிர்ப்பயம் வந்ததும் கண் ஆயுதத்தைப் பிடித்துக்கொள்ளும். முகமும் சட்டையும் ஓரத்துக்குப் போய்விடும். உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். போதாததற்கு அங்கே எரிந்தது சோடியம் விளக்கு. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் நீலம், பச்சை, கறுப்பு மூன்றையும் பிரித்தறிவது பாடு. மூவரில் எவரும் பொய் சொல்லவில்லை.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட கதையை நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். நூறு ஆண்டுகளாக வாய்வழி வந்த கதை, மாறத்தான் செய்யும். ஆனால் பட்டப்பகலில் நேரில் நின்று பார்த்தவர்களே, அன்று மாலையே, ஆளுக்கொன்று சொன்னார்கள் என்றால்? இளம் வழக்கறிஞர்களுக்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்வது டிப்பிட் கொலை வழக்கு.

1963 நவம்பர் 22. அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி பகல் 12.30 மணிக்குச் சுடப்பட்டார். முக்கால் மணி நேரம் கழித்து, அதே நகரின் ஓக் கிளிஃப் பகுதியில், ரோந்து சென்ற டிப்பிட் என்ற 39 வயதுப் போலீஸ்காரர் தெருவில் நடந்து போன ஒருவனை நிறுத்திப் பேசினார். காரிலிருந்து இறங்கிய அவரை அவன் சுட்டுக் கொன்றான்.

ஹெலன் மார்க்கம் என்ற ஓட்டல் பணிப்பெண் பஸ்ஸுக்காக நடந்து போய்க்கொண்டிருந்தார். அவர் கணக்கில் டிப்பிட் சுடப்பட்ட நேரம் 1.06 அல்லது 1.07. உதவிக்கு வந்த ஒருவர் போலீஸ் ரேடியோவில் தகவல் சொன்னதோ 1.16. சுடப்பட்டுக் கிடந்த டிப்பிட்டுடன் இருபது நிமிடம் தனியாக இருந்ததாக மார்க்கம் சொன்னார். சில நிமிடங்களிலேயே கூட்டம் கூடிவிட்டதாக மற்றவர்கள் சொன்னார்கள். சந்தேக நபரை வேறு சிலரோடு வரிசையில் நிறுத்தி, பார்த்தவன் யார் என்று சாட்சியைக் காட்டச் சொல்வது அடையாள அணிவகுப்பு. அன்று மாலையே அதில், போலீசாரிடம் பிடிபட்டிருந்த லீ ஹார்வி ஆஸ்வால்டை மார்க்கம் காட்டினார். எப்படி அடையாளம் தெரிந்தது என்று பிறகு கென்னடி கொலையை விசாரித்த வாரன் குழு கேட்டபோது, அவனைப் பார்த்ததும் உடம்பெல்லாம் சில்லிட்டது என்று பதில் சொன்னார்.

டோமிங்கோ பெனவிடஸ் தன் வண்டியில் சம்பவத்துக்கு மிக அருகில் இருந்தவர். ஆளை அடையாளம் காட்ட முடியும் என்று தோன்றவில்லை என்றார். அதனால் அவரை அணிவகுப்புக்கே அழைத்துப் போகவில்லை. சில ஆண்டுகள் கழித்துத் தொலைக்காட்சியில், அது ஆஸ்வால்ட்தான் என்று உறுதியாகச் சொன்னார். நாடு முழுவதும் பார்த்துவிட்ட ஒரு முகத்தை, பிறகு வந்த நினைவிலிருந்து எப்படிப் பிரித்தெடுப்பது? ஸ்காகின்ஸ் என்ற டாக்ஸி ஓட்டுநர் வண்டிக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார். சுட்டவன் ஏதோ முணுமுணுத்தபடி கடந்து போனான். 'பாவம் முட்டாள் போலீஸ்காரன்' என்றானா, 'பாவம் பாழாய்ப்போன போலீஸ்காரன்' என்றானா என்பது அவருக்கே நிச்சயமில்லை. இரண்டில் ஒன்று என்று மட்டும் சொன்னார். எனக்கு இவர் மேல் தனி மரியாதை உண்டு. நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்றே சொன்ன சாட்சி.

ஆனால் அவர் ஆளைக் காட்டிய அணிவகுப்பு மறுநாள்தான் நடந்தது. ஆஸ்வால்டின் முகம் அதற்குள் செய்திகளில் பரவிவிட்டது. வரிசையில் நிற்கும்போதே ஆஸ்வால்ட் போலீசாரைத் திட்டிக்கொண்டிருந்தான். அவனை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம் என்று அதே வரிசையைப் பார்த்த இன்னொரு டாக்ஸி ஓட்டுநர் சாட்சியம் அளித்தார். அக்குவில்லா கிளெமன்ஸ் என்ற பெண், தான் இரண்டு பேரைப் பார்த்ததாகப் பிறகு ஒரு பேட்டியில் சொன்னார். வாரன் குழு அவரை விசாரிக்கவே இல்லை. ஜாக்கெட் விஷயமும் இப்படித்தான். வெள்ளை என்றார்கள், பழுப்பு என்றார்கள், கறுத்த கோட்டு என்றுகூட ஒருவர் சொன்னார். கைப்பற்றப்பட்டது வெளிர் சாம்பல்.

இத்தனைக்கும் சம்பவ இடத்தருகே கிடைத்த நான்கு தோட்டா உறைகளும் ஆஸ்வால்டிடம் கைப்பற்றிய துப்பாக்கியோடு பொருந்தின. 1964-இல் வாரன் குழு அவனே கொலையாளி என்று முடிவு சொன்னது. என் பார்வையில் அந்த உறைகள் கனமான சாட்சியம். அப்படியும் 60 ஆண்டுகள் கடந்து சந்தேகம் ஓயவில்லை என்றால், அதற்குக் காரணம் சாட்சிகள் முரண்பட்டது அல்ல. பார்த்தவர்கள் எல்லோரையும் உடனே, தனித்தனியாக, மாசு படாமல் விசாரிக்காததுதான்.

முரண்பாடு வந்தாலே சாட்சியம் செத்துவிட்டது என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-இல் வடிவேலு தேவர் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாட்சிகளின் எண்ணிக்கை முக்கியமல்ல, தரம்தான் முக்கியம் என்றது. சாட்சிக்கு வீடியோ நாடாவைப் போன்ற நினைவு இருக்க முடியாது, நேரத்தையும் தூரத்தையும் மனிதர்கள் உத்தேசமாகத்தான் சொல்வார்கள் என்று 1983-இல் குஜராத் வழக்கு ஒன்றில் விளக்கியது. நீதிமன்றம் சந்தேகப்பட வேண்டியது, மூன்று சாட்சிகளும் ஒரே வார்த்தையில் ஒப்பித்தால்தான்.

எனவே ஏதாவது சம்பவத்தைப் பார்க்க நேர்ந்தால் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: டீக்கடையில் பேசுவதற்கு முன், வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவைப் பார்ப்பதற்கு முன், பார்த்ததை ஒரு தாளில் எழுதித் தேதியும் நேரமும் போட்டு வையுங்கள். பக்கத்தில் நின்றவர் சொன்னதை உங்கள் கண்ணில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். தூரம் அடிக்கணக்கில் தெரியாவிட்டால், வாசலிலிருந்து கிணறு வரை என்று சொல்லலாம், அதில் குறைவு ஒன்றும் இல்லை. போலீசார் பதிவு செய்யும் வாக்குமூலத்தைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதில் நீங்கள் கையெழுத்துப் போடக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181-ஆம் பிரிவு சொல்கிறது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது போட்டோ. அணிவகுப்புக்கு முன் சந்தேக நபரின் படத்தைக் காட்டினால், பிறகு நீங்கள் அடையாளம் காட்டுவது சம்பவத்தில் பார்த்தவனையா, படத்தில் பார்த்தவனையா என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

நான் கவனித்த ஒரு வழக்கில், செல்போன் கடையில் வேலை பார்த்த பையனிடம் விசாரணைக்கு வந்தவர் தன் போனில் இருந்த படத்தைக் காட்டி, "இவன்தானே தம்பி?" என்று கேட்டிருக்கிறார். சில நாட்கள் கழித்துச் சிறையில் அணிவகுப்பு. மாஜிஸ்திரேட் வழக்கம்போல, "இவர்களில் யாரையாவது சம்பவத்துக்குப் பிறகு நேரிலோ போட்டோவிலோ பார்த்தாயா?" என்று கேட்டார். பையன் சற்று நேரம் தயங்கினான். பிறகு, "ஆமாம் ஐயா, போனில் காட்டினார்கள்" என்றான். மாஜிஸ்திரேட் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

வழக்கில் அவன் அடையாளம் காட்டியதை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் பைக் எந்தப் பக்கம் போனது, பின்னால் உட்கார்ந்தவன் காலை நொண்டி ஏறினான் என்று அவன் சொன்ன இரண்டையும் முழுமையாக ஏற்றுக்கொண்டது.