போக எட்டு மணி, வர ஏழு மணி

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நியூயார்க் கென்னடிக்கு ஏறத்தாழ 5,540 கிலோமீட்டர். போக எட்டு மணி நேரம் பிடிக்கிறது. திரும்ப ஏழு மணி நேரமே போதும். தூரம் மாறவில்லை, விமானமும் மாறவில்லை.

பூமி சுழல்வதால்தான் இந்த வித்தியாசம் என்று பலர் நம்புகிறார்கள். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது; அந்த நம்பிக்கை சரியென்றால், மேற்கே போகும் விமானத்தை நோக்கி நியூயார்க்கே நகர்ந்து வந்து பயணம் சுருங்க வேண்டும். நடப்பது நேர்மாறு. பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்வதால் அந்தச் சலுகை யாருக்கும் இல்லை.

நேரத்தைத் தீர்மானிப்பது ஜெட் ஸ்ட்ரீம். நடு அட்சரேகைகளில், 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறு அது. ஜப்பானிய வானிலையாளர் வசாபுரோ ஒயிஷி 1920களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தார். உலகமே படிக்கட்டும் என்று, எல்லா நாட்டினருக்கும் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். பாவம், வெளிநாடுகளில் அதை அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை.

விமானத்தின் வேகம் என்பது அதைச் சூழ்ந்த காற்றைப் பொறுத்த வேகம். மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர். அந்தக் காற்றே கிழக்கே ஓடினால், அந்த வேகமும் சேர்ந்துகொள்ளும். 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. தரையைப் பொறுத்து மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கும் மேல்! ஆனாலும் அது ஒலியின் வேகத்தைத் தாண்டவில்லை. சுற்றியிருந்த காற்றைப் பொறுத்தவரை வழக்கமான வேகம்தான்.

போகும்போது இழந்ததை வரும்போது மீட்டுவிடலாமே? முடியாது. 100 கிலோமீட்டர் வேகக் காற்று வீசுவதாக வைத்துக்கொள்வோம். எதிர்காற்றில் 5,540-ஐ 800-ஆல் வகுத்தால் சுமார் 6 மணி 55 நிமிடம். பின்காற்றில் 1,000-ஆல் வகுத்தால் 5 மணி 32 நிமிடம். காற்றே இல்லாத இருவழிப் பயணத்தைவிட 9 நிமிடம் கூடுதல். எதிர்காற்றில் சிக்கியிருக்கும் நேரமே அதிகம் என்பதால் வரும் நட்டம் இது.

தூரமும் நேர்க்கோடு அல்ல. டோக்கியோவும் லாஸ் ஏஞ்சலஸும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் உள்ளன. அந்த ரேகையிலேயே பறந்தால் சுமார் 9,240 கிலோமீட்டர். வடக்கே ஏறக்குறைய 48 டிகிரி வரை வளைந்து சென்றால் சுமார் 8,760. உருண்டைமேல் மிகக் குறுகிய பாதை, பெருவட்டம் எனப்படும் இந்த வளைவுதான். தட்டையான வரைபடத்தில் பார்த்தால் அது சுற்றுவழிபோலத் தெரியும்.

குறுகிய பாதை எப்போதும் கிடைப்பதுமில்லை. வடக்கு அட்லாண்டிக் வழித்தடங்களை, காற்றைப் பார்த்து, தினமும் இருமுறை புதிதாக வரைகிறார்கள். சில நேரம் வானமே மூடிவிடும். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின், ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி நேரமாக நீண்டது.