புது வீட்டின் இரண்டாம் வருடத் தவணை

போன மாதம் ஒரு தம்பி மனைவியோடும் கைக்குழந்தையோடும் என்னைப் பார்க்க வந்திருந்தார். மதுரைப் பக்கம். இங்கே படிக்க வந்த இடத்தில், தமிழ் தெரிந்தவர் என்ற தகுதியில் ‘மாவ்னி’ திட்டம் வழியாக அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். 2016இல் அந்தத் திட்டத்துக்கு ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அப்படிச் சேர்ந்த நம் பிள்ளைகளில் பலர் இப்போது பணி முடித்து, குடும்பமாகி, முதல் வீடு தேடும் வயதில் இருக்கிறார்கள்.

தம்பி கையில் ஒரு பில்டர் கொடுத்த தாள். வீட்டின் விலை 3 லட்சம் டாலர், முன்பணம் பூஜ்யம், மாதத் தவணை 2,237 டாலர். “வாடகையே 1,900 கொடுக்கிறோம் அண்ணா. இதை எடுத்துடலாமா?” என்று கேட்டார்.

டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் வீட்டுக் கடன் வாங்கித் தருவது என் தொழில். சுற்றிலும் ராணுவத் தளங்கள் என்பதால் என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் வி.ஏ. லோன், அதாவது அமெரிக்க அரசின் முன்னாள் படைவீரர் துறை (வி.ஏ.) உத்தரவாதம் தரும் வீட்டுக் கடன் கேட்டு வருபவர்கள்தான். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக 1944இல் சட்டமாகி வந்த சலுகை இது. முன்பணம் வேண்டாம், மாதாமாதம் அடமானக் காப்பீட்டுத் தொகையும் கிடையாது. முழுத் தகுதி கைவசம் இருப்பவர்களுக்கு 2020 முதல் கடன் தொகைக்கு வி.ஏ. உச்சவரம்பும் வைப்பதில்லை. உடம்பைக் கொடுத்துச் சம்பாதித்த உரிமை, தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அந்தத் தாளை நான் வாங்கியதும் முதலில் பார்த்தது சொத்து வரி என்று போட்டிருந்த இடத்தைத்தான். மாதம் 100 டாலர் என்று இருந்தது.

டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. அதற்குப் பதில் சொத்து வரி கடுமை, எங்கள் பக்கம் வருடத்துக்கு மதிப்பில் 2 சதவீதத்தை ஒட்டி வரும். 3 லட்சம் டாலர் வீட்டுக்கு, விலக்குகளைக் கழிக்கும் முன், மாதம் 500 டாலர் ஆகும். அப்புறம் எப்படி 100? ஒவ்வொரு வருடமும் ஜனவரி 1ஆம் தேதி நிலவரத்தை வைத்துத்தான் வரி போடுவார்கள். அன்று அந்த இடத்தில் வெறும் மனைதான் இருந்தது. மனையின் மதிப்பு 60,000 டாலர், அதற்குண்டான வரியை எடுத்துப் போட்டிருந்தார்கள். தவணையோடு சேர்த்து வரிக்கும் காப்பீட்டுக்கும் பிடித்துவைக்கும் எஸ்க்ரோ கணக்கில் முதல் வருடம் இந்தச் சின்னத் தொகைதான் சேரும். அடுத்த வருடம் வீட்டுக்கும் சேர்த்து வரி வரும்போது 4,800 டாலர் குறையும். அந்தக் குறையை 12 மாதமாகப் பிரித்தால் மாதம் 400. இனிமேல் வர வேண்டிய உண்மையான வரிக்கு இன்னொரு 400. ஆக, 2,237 என்று நம்பிக் குடிபோன வீட்டுக்கு 3,037 டாலர் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். அந்தக் கடிதத்தோடு அழுதபடி என் எதிரில் உட்கார்ந்தவர்கள் உண்டு.

ஒன்று செய்யுங்கள். கவுன்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலகத் தளத்தில் அதே தெருவில் போன வருடமே கட்டி முடித்த வீட்டின் முகவரியைப் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு வரப்போகும் வரி ஏறக்குறைய அதுதான்.

அடுத்து அவருடைய தகுதிச் சான்றிதழைப் பார்த்தேன். வி.ஏ. லோனுக்கு ‘ஃபண்டிங் ஃபீ’ என்று ஒரு கட்டணம் உண்டு. முதல் முறை, முன்பணம் இல்லாமல் வாங்கினால் 2.15 சதவீதம். 3 லட்சத்துக்கு 6,450 டாலர். பெரும்பாலும் கடனோடு சேர்த்துவிடுவார்கள், அதனால் கண்ணில் படாது. ஆறரை சதவீத வட்டியில் மாதம் 40 டாலர் சொச்சம், முப்பது வருடத்தில் 14,000 டாலருக்கு மேல்.

சேவையில் நேர்ந்த பாதிப்புக்காக வி.ஏ. இழப்பீடு பெறுபவர்களுக்கு இந்தக் கட்டணமே கிடையாது. பாதிப்பு 10 சதவீதம் என்று வி.ஏ. மதிப்பிட்டிருந்தாலும் போதும். தம்பிக்கு முட்டியில் வலி, இடது காது சரியாகக் கேட்பதில்லை. இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தீர்களா என்றேன். “கை கால் போனவங்க எவ்வளவோ பேர் இருக்காங்க, எனக்கு எதுக்குண்ணா” என்றார். நம் பிள்ளைகளிடம் இந்தக் கூச்சத்தை அடிக்கடி பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கிறது. அன்றே விண்ணப்பிக்கச் சொன்னேன். முடிவு வருவதற்குள் வீடு பதிவாகிவிட்டாலும் சரி, இழப்பீடு அமலாகும் தேதி பதிவுத் தேதிக்கு முந்தியதாக இருந்தால் கட்டிய கட்டணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கலாம்.

கடன் தருபவர் பார்க்காத ஒரு செலவும் நம் வீடுகளில் இருக்கும். எல்லாத் தவணையும் வரியும் போக, மூன்று பேர் குடும்பம் கையில் மாதம் 889 டாலராவது மிஞ்ச வேண்டும் என்பது தென் மாநிலங்களுக்கு வி.ஏ. வைத்திருக்கும் அளவு. ஊரில் அப்பா அம்மாவுக்கு நீங்கள் அனுப்பும் பணம் கிரெடிட் ரிப்போர்ட்டில் தெரியாது. அதை நீங்கள்தான் கழித்துப் பார்க்க வேண்டும். தம்பியின் மனைவி போனிலேயே கணக்குப் போட்டார். மாதம் 400 டாலர் மதுரைக்குப் போகிறது. 3,037 தவணையில் அது நடக்காது.

இப்போது பன்னிரண்டு வருடப் பழைய வீடு ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். முழு வரி ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கும் வீடு, அதனால் தவணையில் அப்படியொரு எகிறல் இருக்காது. வி.ஏ. அப்ரைசர் வருவார்தானே, வீட்டைச் சோதிக்கத் தனியாக இன்ஸ்பெக்டர் எதற்கு என்று கேட்டார்கள். அப்ரைசர் மதிப்பையும் அடிப்படைத் தரத்தையும் பார்ப்பாரே தவிர, சுவருக்குள்ளும் பரணிலும் ஏறி இறங்க மாட்டார். எங்கள் ஊரின் களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும், அஸ்திவாரம் நகரும். ஒப்பந்தத்தில் விலகிக்கொள்ள அனுமதிக்கும் சில நாட்களுக்குள் இதைப் பார்த்தாக வேண்டும்.

சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். தம்பியைக் கூடவே நின்று ஒவ்வொரு கதவையும் சாத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நிலையில் இடித்தாலோ, மேல் மூலையில் சாய்வாக விரிசல் ஓடினாலோ போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார்.