சுவிட்சைப் போட முதல் பின்பக்கத்தைப் பாருங்கள்

பழைய சிந்தசைசர், அதாவது மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் கீபோர்ட் வகைக் கருவிகளை, வாங்கிச் சேர்க்கும் ஆசை திருகோணமலையிலும் மெல்லப் பரவி வருகிறது. கோயில் திருவிழா மேடைகளில் வாசிக்கும் தம்பிமார், தேவாலயப் பாடகர் குழுக்காரர், யூடியூப் பார்த்து ஈயம் வைக்க (சோல்டர் செய்ய) பழகிய ஏ.எல். மாணவர்கள் என்று என் திருத்தும் மேசைக்குப் பலரும் வருகிறார்கள். பழுதாக வாங்கிய கருவியை விட, வாங்கி வந்து முதல் தடவை சுவிட்ச் போட்டதால் பழுதான கருவிதான் எனக்கு அதிகம் வருகிறது. நாற்பது வருடம் தாக்குப்பிடித்த சாமான் அந்த ஒரு நொடியில் போய்விடுகிறது.

எங்கள் சுவரில் வருவது 230 வோல்ட். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். கொள்கலனில் வந்து இறங்கும் பாவித்த ஜப்பான் சாமான்களுக்குள் யமஹா, ரோலண்ட், கோர்க் எல்லாம் அகப்படும். அந்த நாட்டில் விற்கச் செய்தவை என்பதால் பின்தகட்டில் 100 வோல்ட் என்றுதான் அச்சடித்திருக்கும். பார்க்காமல் செருகினால் வோல்ட் 2.3 மடங்கு, சூடு அதன் வர்க்கமாக, 5 மடங்குக்கும் மேல். உள்ளே பழைய இரும்பு டிரான்ஸ்போமர் என்றால் அதன் நடு இரும்பில் காந்தம் நிறைந்துபோய் மின்னோட்டம் இந்தக் கணக்கையும் தாண்டும். பியூஸ் போனால் உங்கள் அதிர்ஷ்டம். போன பியூசுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றிவிட்டு மறுபடி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வீட்டில் எரியப்போவது கருவி மட்டுமல்ல.

கடையில் விற்கும் பயண அடப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. தேவை வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்போமர். அதிலும் மலிவானவற்றில் பல ஒற்றைச் சுற்றுக் கம்பியால் ஆனவை. பொதுப் பகுதி அறுந்தால் 230 வோல்ட் அப்படியே கருவிக்குப் போகும். இரண்டு தனிச் சுற்று உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பின்தகட்டில் எழுதிய வாட்டைப்போல் இரண்டு மடங்கு தாங்குவதாக இருந்தால் நிம்மதி.

சின்னக் கீபோர்ட்களில் ஆபத்து வேறு இடத்தில். யமஹாவின் வீட்டுக் கீபோர்ட்கள் பெரும்பாலும் 12 வோல்ட், உள்முனை பிளஸ். பழைய கசியோக்கள் பல 9 வோல்ட், உள்முனை மைனஸ். இரண்டு முனையும் பார்வைக்கு ஒன்றுபோல. செருகும் துளைக்குப் பக்கத்தில் வட்டமும் கோடுமாக ஒரு சின்னப் படம் இருக்கும்; அடப்டரிலும் அதே படம் இருக்கிறதா என்று பாருங்கள். தலைகீழாகக் கொடுத்தால் காப்பு டயோட் மட்டும் போனால் செலவு குறைவு, ஐசி (சிப்) போனால் பல நேரம் வேறு கருவியே வாங்கலாம்.

பின்பக்கம் சரி என்றால், பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு மூடியைத் திறந்து பற்றரியைத் தேடுங்கள். 1981-இல் வந்த கோர்க் பொலிசிக்ஸில் ஒலிகளை நினைவில் வைக்க நிக்கல்-காட்மியம் பற்றரி ஒன்றை போர்டிலேயே ஈயம் வைத்திருந்தார்கள். வயது போனதும் அது கசியும். கசிவு காரமானது, பச்சைப் பூச்சுக்கு அடியால் செப்புக் கோடுகளைத் தின்றுகொண்டே போகும். வெளியில் கொஞ்சம் நீலம் பூத்தாற்போலத்தான் தெரியும். அந்த நிலையில் கரண்ட் கொடுத்தால் எது எதோடு தொடுத்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பற்றரியை வெட்டி எடுத்து, வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ தொட்டுக் காரத்தை முறித்து, வடித்த தண்ணீராலும் பிறகு ஐசோபுரோப்பைல் அற்ககோலாலும் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். கையுறை போடுவது நல்லது.

1983-இன் யமஹா டிஎக்ஸ்7-இல் இருப்பது சிஆர்2032 லித்தியம் நாணயப் பற்றரி. அது கசிவது அரிது, ஆனால் தீர்ந்தால் உள்ளே வைத்த 32 ஒலியும் போய்விடும். பற்றரியை எடுக்க முதல் மிடி (இசைக் கருவிகளையும் கணினியையும் இணைக்கும் முறை) வழியாகக் கணினிக்கு அனுப்பிச் சேமியுங்கள். 32 ஒலிக்கும் மொத்தமே 4,104 பைட்தான். புதிதை நேரே ஈயம் வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கலாம். ஒரு ஹோல்டர் பொருத்திவிட்டால் அடுத்த தடவை வேலையே இல்லை.

கழற்றிய நாணயப் பற்றரியை மேசையில் விடவே விடாதீர்கள். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக வெந்துவிடும். சந்தேகம் என்றாலும் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். முனைகளை டேப்பால் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

உப்புக்கு வருகிறேன். திருமலை நகரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்தானே. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் தானாகவே நீர் இழுத்து உப்புநீராகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கு அது சாதாரணம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஜன்னலைத் திறந்த அறையில் வைத்திருந்த கருவிகளில் ஐசி கால்கள் பச்சை பிடித்து வருவதை அடிக்கடி பார்க்கிறேன். உவர்மலை மேட்டில் கொஞ்சம் குறைவு. பாவிக்காத நேரம் துணியால் மூடுங்கள். வாரத்தில் ஒரு தடவை அரை மணி நேரம் போட்டு வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் போகும். சர்ரென்று சத்தம் போடும் ஸ்லைடருக்குத் துரு எடுக்கும் எண்ணெய் அடிக்காதீர்கள், தூசி ஒட்டி இன்னும் மோசமாகும்.

மின் பகுதிக்குள் மட்டும் புதிதாகப் பழகுகிறவர்கள் கை வைக்க வேண்டாம். சுவிட்ச் மோட் சப்ளை என்ற, பாரமான டிரான்ஸ்போமர் இல்லாத மின் பகுதியின் பெரிய கப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும். ஸ்க்ரூடிரைவரால் தொட்டு இறக்குவது வீரமில்லை.

செய்து பழக ஆசை என்றால் 9 வோல்ட் பற்றரியிலேயே நிறையச் செய்யலாம். 40106 என்ற ஐசிக்குள் ஆறு இன்வேர்ட்டர், அதாவது சிக்னலைத் தலைகீழாக்கும் சின்னச் சுற்றுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கப்பாசிட்டரும் போதும், ஆறு ஒலி கிளம்பும். ரெசிஸ்டருக்குப் பதில் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் எல்டிஆர் போட்டால் கையை மேலே ஆட்டி சுருதியை ஏற்றி இறக்கலாம். பிள்ளைகளுக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. ஆனால் அந்த ஒலியை நேரே காதில் மாட்டாதீர்கள், அது 9 வோல்ட் சதுர அலை. சின்ன ஆம்பிளிபயரில், வொலியூமைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். இன்னும் வளர்ந்து யூரோராக் மொடியூல் (ஒரு சட்டத்தில் மாட்டி இணைக்கும் சிந்தசைசர் துண்டுகள்) செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ரிப்பன் வயரின் சிவப்புக் கோடு பிளஸ் இல்லை, மைனஸ் 12 வோல்ட். எங்கள் கை எப்போதும் சிவப்பைப் பிளஸ் என்றே எடுக்கும். வழக்கமான சோல்டர் கம்பியில் சுமார் 40 வீதம் ஈய உலோகம் இருக்கும் என்பதால் வேலை முடித்ததும் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. சோல்டர் கம்பிக்குள் இருக்கும் பிளக்ஸ் பசையின் புகையை ஒரு சின்ன விசிறி வைத்து முகத்திலிருந்து அகற்றுங்கள். அது ஆஸ்துமாவைக் கிளப்பும்.

திருத்தக் கொண்டு வரும்போது என்ன நடந்தது என்று உள்ளதைச் சொல்லுங்கள். எரிந்த மணம் வந்ததா, எந்த அடப்டர் போட்டீர்கள், எல்லாக் கட்டையும் பேசவில்லையா அல்லது ஒன்றுமட்டுமா. 1984-இன் ரோலண்ட் ஜூனோ-106 ஆறு குரல் கருவி, அதாவது ஒரே நேரத்தில் ஆறு சுரம் ஒலிக்கும், ஒவ்வொன்றுக்கும் தனிச் சிப். ஒரே கட்டையை ஆறு தடவை அழுத்தி, அதில் ஒன்று கரகரத்தால் அந்த ஒரு குரல் சிப்தான் போயிருக்கும் என்று நான் திறக்காமலே சொல்லிவிடலாம். நீங்களே கழற்றியிருந்தால் திருகாணிகளை எந்தத் துளையில் இருந்ததோ அப்படியே காகிதத்தில் குத்தி வையுங்கள். அவை ஒரே நீளமில்லை, நீளமானது தவறான துளையில் போனால் கீழே உள்ள போர்டைக் குத்திவிடும்.